குழந்தை இல்லாத வீட்டுக்குக் குழந்தை வரும்போது

வாசகச் சகோதரிகளே, என் வீட்டுச் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களுக்கு அடியிலும் ஒரு காலத்தில் நான்கு தகரக் கிண்ணங்கள் இருந்தன. எறும்பு ஏறாமலிருக்க அவற்றில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வைப்பது என் வழக்கம். தோட்டத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதற்கான மண்ணெண்ணெயை ஓர் ஆரஞ்சுப் பானப் போத்தலில் ஊற்றி, அலமாரிக்குப் பின்னால் தரையிலேயே வைத்திருந்தேன். நானும் என் கணவரும் மட்டுமே வாழும் வீடு. அந்தப் போத்தலில் இருப்பது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

2008ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அப்போது எங்களுக்கு மணமாகி ஆறு ஆண்டுகள். குழந்தை இல்லை. பார்க்காத மருத்துவமில்லை, வைக்காத வேண்டுதலில்லை. அவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். நான் கெடா மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டு ஆசிரியை. பள்ளியில் இருபத்தெட்டுப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வீடு திரும்பினால், வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டுந்தான் கேட்கும். அதனால், கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் நாத்தனார் விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் வருவதாகச் சொன்னபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மூத்தவளுக்கு வயது ஐந்து. சின்னவனுக்கு இருபது மாதம். முறுக்குச் சுட்டேன். புதுப் பாய் வாங்கினேன். பொம்மைகள் வாங்கி வைத்தேன். அலமாரிக்குப் பின்னால் இருந்த போத்தல் மட்டும் என் நினைவில் வரவேயில்லை.

வந்த மூன்றாம் நாள் மாலை. மாமியார் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் துணி எடுக்கக் கொல்லைப்புறம் போயிருந்தாள். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவன் பாட்டியிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறான் என்று பாட்டி நினைத்தார். திடீரென்று ஓர் இருமல். திரும்பிப் பார்த்தால், அலமாரிக்குப் பக்கத்தில் சட்டையெல்லாம் நனைந்து நிற்கிறான் பிள்ளை. கையில் அந்தப் போத்தல். வாயிலிருந்து மண்ணெண்ணெய் வாடை.

அடுத்த இரண்டு நிமிடத்தில் லயமே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. "உப்புத் தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்!" என்றார் ஒருவர். "தேங்காப்பால் குடுத்தா முறிஞ்சிடும்" என்றார் இன்னொருவர். நானும் பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்து வாயில் விரலை விடப் போனேன். அப்போதுதான் நான்கு வீடு தள்ளியிருந்த ஓய்வு பெற்ற டிரசர் ஐயா கைலியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"டீச்சர்! விரலை எடுங்க! வாந்தி எடுக்க வைக்கவே கூடாது!" என்று அதட்டினார். நனைந்த சட்டையைக் கழற்றச் சொன்னார். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "வாயில எதுவும் ஊத்தாதீங்க. அந்தப் போத்தலையும் கையோட எடுத்துக்குங்க, டாக்டர் கேப்பாரு" என்றார். கிராணியின் காரில் மாவட்ட மருத்துவமனைக்குப் பறந்தோம்.

டிரசர் ஐயா ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார். மண்ணெண்ணெய் மிக மெல்லிய திரவம். விழுங்கும்போதோ வாந்தியாக மேலே வரும்போதோ அது எளிதாக மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில்தான் அது பெரிய கேடு செய்யும். முதலில் பிள்ளை நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலும் காய்ச்சலும் வரலாம். எங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான் இரவில் காய்ச்சல் கண்டது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பிராணவாயு வைத்தார்கள். மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இறைவன் அருளால் குறை ஒன்றும் தங்கவில்லை.

ஆனால் என் மனத்தில் ஒன்று தங்கிவிட்டது. மருத்துவமனை வராந்தாவில் மாமியார் யாரிடமோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "பிள்ளை பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிள்ளை இல்லாத வீட்டுல பிள்ளைய விட்டது நம்ம தப்பு."

நாத்தனார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அடுத்த இரண்டு விடுமுறைக்கும் அவள் வரவில்லை. "சின்னவனுக்குச் சளி, அண்ணி" என்று ஒரு முறையும், "அவருக்கு லீவு கிடைக்கல, அண்ணி" என்று இன்னொரு முறையும் தொலைபேசியில் சொன்னாள். நானும் புரிந்துகொண்டு, "பரவாயில்லைம்மா" என்றேன்.

*அம்மா கற்றுத் தந்த பாடம்*

என் அம்மா 1980களில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள், தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, ஒரு பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டார். நானோ ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவள். சாலைப் பாதுகாப்பு, தீப் பாதுகாப்பு என்று வகுப்பில் படம் மாட்டிப் பாடம் நடத்துகிறவள். அவரிடம் போய் அழுதேன்.

அம்மா என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். "நீயும் உக்காரு. பிள்ளை கண்ணு உசரத்துல பாரு" என்றார். உட்கார்ந்தேன். பிறகு இருவரும் அறை அறையாகத் தரையில் நகர்ந்தபடியே பார்த்தோம். ஆறு ஆண்டுகளாக நான் கூட்டிப் பெருக்கிய வீடு, அன்று எனக்கு வேறு வீடாகத் தெரிந்தது.

மேசை விரிப்பின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்தால் மேலே இருக்கும் வெந்நீர்ப் பிளாஸ்க் தலையில் விழும். சோறு வேகும் மின்சட்டியின் கம்பி கையெட்டும் உயரத்தில் ஆடியது. பாத்திரம் கழுவுமிடத்துக்குக் கீழே வெளுப்பு நீரும் கழிவறை கழுவும் திராவகமும் கதவில்லாமல் நின்றன. சாமி மாடத்தின் கீழ்த்தட்டில் கற்பூரக் கட்டிகள். பார்ப்பதற்குச் சீனிக்கட்டி போலவே இருக்கும் கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். பக்கத்திலேயே தலைவலித் தைலம். அதுவும் வாய்க்குள் போனால் நஞ்சுதான்.

சேலைப் பெட்டியில் அந்துருண்டை. இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து ஜி6பிடி என்னும் குறை இருக்கிறதா என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் குறை உள்ள குழந்தைக்கு அந்துருண்டை ஆகவே ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, உடம்பு மஞ்சளாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். நம் வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை இல்லையென்றால் நமக்கு இது நினைவிருக்காது. ஆகவே விருந்தாக வரும் தாயிடம், "பிள்ளைக்கு ஆகாதது ஏதாவது உண்டாம்மா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளை உள்ள வீட்டில் இவையெல்லாம் தானாகவே இடம் மாறிவிடுகின்றன. குழந்தை தவழத் தொடங்கியதும் ஒன்று மேலே போகும். நடக்கத் தொடங்கியதும் இன்னொன்று மேலே போகும். வீடு பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. என் வீட்டுக்கு அப்படி வளர வாய்ப்பில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஓடத் தெரிந்த பிள்ளை அதற்குள் நேராக வந்து இறங்குகிறது. எனக்குத் தாயுள்ளம் இல்லாததால் அந்த விபத்து நடக்கவில்லை, தரையில் உட்கார்ந்து பார்க்காததால் நடந்தது என்று அன்று எனக்குப் புரிந்தது. அந்தக் குறையைத் திருத்த ஒரு பிற்பகல் போதும்.

*போத்தலும் வாளியும்*

அன்று நானும் அம்மாவும் செய்தவற்றில் மிக முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, குடிக்கும் பானத்தின் போத்தலில் குடிக்கக் கூடாத எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் போத்தலின் உருவந்தான் எழுத்து. நம் தோட்டங்களில் இது உயிர் போகிற விஷயம். ஸ்டோரில் மிஞ்சிய களைக்கொல்லியைச் சின்னப் போத்தலில் ஊற்றி, வீட்டு வேலியோரப் புல்லுக்கு அடிக்கக் கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். பாராகுவாட் மருந்து ஒரு வாய் உள்ளே போனால் உயிரைக் குடித்துவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் எந்த வீட்டுப் பரணில் எந்தப் பழைய போத்தல் இருக்கிறதோ! மற்றக் களைக்கொல்லிகளும் குடிக்கத்தக்கவை அல்ல. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் தண்ணீர் போலத்தான் தெரியும். வாயையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்துவிடும். இவற்றின் இடம் வீடே அல்ல. கணவரிடம் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, தண்ணீர். தோட்டத்தில் குழாய் நீர் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தொட்டியிலும் வாளியிலும் பிடித்து வைக்கிறோம். நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவைப் பார்த்தால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் அதனால் மீண்டும் எழ முடியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீரே போதும். கத்தவும் முடியாது. சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வாளிகளைக் காலி செய்து கவிழ்த்து வைத்தோம். தொட்டிக்குப் பலகை மூடி போட்டோம். குளியலறைக் கதவுக்கு, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் கொண்டி அடித்தோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு வளர்ந்தால் அபராதம் என்று சுகாதார அதிகாரிகள் வந்து பார்க்கிறார்களே, அதற்கும் இதே மூடிதான் மருந்து.

மூன்றாவது, சூடு. வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய், பிள்ளையின் கெண்டைக்காலுக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. வந்த விருந்தாளியானாலும் வண்டியைப் பின்புறம் நிறுத்தச் சொல்ல வெட்கப்படக் கூடாது. சுட்டுவிட்டால் பற்பசையும் கிச்சாப்பும் தடவாதீர்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள்.

நான்காவது, வருகிறவர்களின் கைப்பை. இது பலருக்கும் தோன்றுவதில்லை. பாட்டிமார் பையில் இனிப்புநீர் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இருக்கும். பாட்டி பையில் மிட்டாய் தேடும் பழக்கம் எந்தப் பேரனுக்குத்தான் இல்லை? சில இனிப்புநீர் மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் இரத்தச் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிட. வாசலருகில் ஆளுயரத்தில் ஓர் ஆணி வரிசை அடித்து, வருகிற எல்லாருடைய பையையும் நானே வாங்கி மாட்டிவிடுகிறேன்.

வாயில் அடைக்கும் பொருள்களும் இருக்கின்றன. முழுக் கச்சான், ரம்புத்தான் கொட்டை, நாணயம், பொத்தான் ஆகியவை தரையில் கிடக்கக் கூடாது. இப்போதெல்லாம் தொலைக்காட்சி இயக்கியிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் நாணயம் போன்ற வட்ட மின்கலம் இருக்கிறது. அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழல் வெந்து புண்ணாகலாம். சந்தேகம் வந்தாலே, நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்த நஞ்சானாலும் டிரசர் ஐயா சொன்னதை மறவாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். வண்டி இல்லையென்றால் 999. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் ஒன்று இயங்குகிறது. அதன் தொலைபேசி எண்ணைக் கேட்டுக் குறித்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

*"இப்போது யார் கண்?"*

இவ்வளவும் செய்த பிறகு அம்மா இன்னொன்று சொன்னார். "எல்லாத்தையும் எடுத்துட்ட. பிள்ளைக்கு என்ன வச்சிருக்க?"

பூட்டிய அலமாரியும் 'தொடாதே' என்ற குரலும் மட்டுமே உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கும்? ஆகவே கூடத்து மூலையில் கீழ்த்தட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினேன். காலி மைலோ டின், மரக்கரண்டி, பழைய சேலைத் துண்டுகள், அட்டைப் பெட்டி ஆகியவற்றை அதில் வைத்தேன். கடைப் பொம்மைகளைவிட அந்த மைலோ டின்னுக்குத்தான் இன்றுவரை மவுசு.

ஆயாக் கொட்டகையின் இன்னொரு வழக்கத்தையும் அம்மா சொல்லித் தந்தார். ஓர் ஆயா எழுந்து போனால், "நான் போறேன், நீ பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொல்வாராம். அடுத்தவர் "சரி, நான் பாக்குறேன்" என்று சொன்ன பிறகுதான் நகர்வாராம். என் வீட்டில் அன்று மூன்று பெரியவர்கள் இருந்தும், பிள்ளைமேல் ஒருவர் கண்ணும் இல்லை. கூட்டம் அதிகமானால் கண்காணிப்பு குறையும் என்பதை விசேஷ வீடுகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது எங்கள் வீட்டில் விருந்தென்றால், "இப்ப யார் கண்ணு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்பார்.

2009ஆம் ஆண்டு இறுதி விடுமுறை வந்தபோது நானே கிள்ளானுக்குப் போனேன். நாத்தனார் காப்பி கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் பேசினேன். "என் கவனக்குறைவுதான்மா. இப்ப வீட்டைத் திருத்தி வச்சிருக்கேன். நீ வந்து முதல்ல தரையில உக்காந்து பாரு. உனக்குத் திருப்தி இல்லேன்னா அன்னைக்கே பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடு, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கோவம் இல்ல அண்ணி. எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றாள்.

பாருங்கள், கேட்டால் அண்ணி மனம் நோகுமோ என்று அவள் பேசாமல் இருந்தாள். பேச்செடுத்தால் பழசு கிளறுமோ என்று நானும் பேசாமல் இருந்தேன். இடையில் ஓர் ஆண்டு போய்விட்டது.

அந்த வாரமே அவர்கள் வந்தார்கள். மாமியாரும் வந்தார். படியேறியவர் ஆணி வரிசையைப் பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தம் மாத்திரைப் பையைத் தாமே கழற்றி மாட்டினார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, "நீ போய்ச் சமையலைப் பாரும்மா. இப்ப என் கண்ணு" என்றார். அவர் சொன்ன பழைய வார்த்தை அன்றோடு என் மனத்தைவிட்டு இறங்கியது.

அந்தச் சின்னவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். என்னைவிட ஒரு முழம் உயரம். விடுமுறைக்குத் தானே மோட்டார் சைக்கிளில் வருகிறான். வாசலில் நிறுத்தாமல் பின்புறம் கொண்டுபோய் நிறுத்துகிறான். எங்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பேத்தி, சக ஆசிரியையின் மகன், தோட்டத்துக்கு விருந்தாக வரும் யார் யார் பிள்ளைகளோ என் வீட்டுக் கீழ்த்தட்டைத் தேடி வருகிறார்கள். மைலோ டின் ஓட்டை உடைசலாகி, இப்போது இருப்பது ஐந்தாவது டின்.

சகோதரிகளே, உங்களில் பிள்ளை இல்லாதவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பெரியவர்களும் இருப்பீர்கள். விடுமுறைக்கு யாராவது வருவதாகச் செய்தி வந்தால், முறுக்குக்கு மாவு பிசையும் முன் ஒரு பிற்பகல் உங்கள் கூடத்துத் தரையில் உட்காருங்கள். அடுப்படியிலும் உட்காருங்கள். எதையெல்லாம் கை நீட்டி எடுக்க முடிகிறதோ அதையெல்லாம் மேலே ஏற்றுங்கள். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை.